வாய்க்காலுக்கு மேற்கே உள்ள புதுவை

விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறவர்களிடம் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர்களின் முன் சில படங்கள், மணக்குள விநாயகர், அரவிந்தர் ஆசிரமம், ஆரோவில்லின் தங்கக் கோளம், சுண்ணாம்பாற்றில் படகு, இரவில் ஒரு பிரெஞ்சு உணவகம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ.; சனி, ஞாயிறில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். இந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது பாதிப் புதுவை. விடுபட்டுப் போகும் பாதியே மூத்தது, ஆழமானது, இன்றும் உயிரோடு இருப்பது என்பது என் முடிவு. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டதால், அதற்கு நான் எப்படி வந்தேன் என்பதைக் காட்டும் கடமையும் எனக்கு இருக்கிறது.

ஓர் ஊரின் காட்சிகளை எடைபோட மூன்று கேள்விகள் போதும். ஒன்று, இது இங்கே மட்டும்தான் கிடைக்குமா? இரண்டு, செலவிடும் நேரத்துக்கு ஈடாக மகிழ்ச்சியையோ தெளிவையோ தருகிறதா? மூன்று, அங்கே வாழ்பவர்களின் வாழ்க்கையோடு இதற்கு உறவு உண்டா, அல்லது வருபவர்களுக்காக மட்டும் நிற்கும் காட்சியா? பழக்கத்தில் நாம் கேட்பது நான்காவதாக ஒரு கேள்வியைத்தான்: படத்தில் நன்றாக விழுமா? அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம்.

கடல்

கடலுக்காகப் புதுவை போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நகரின் முன்னால் இருந்த மணல் கரையைக் கடல் பல ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுபோய்விட்டது என்பதைத்தான். கோரமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கரை மணலின்றிப் பட்டினி கிடந்து அரிக்கப்பட்டது. கரையைக் காக்கக் கருங்கற்பாறைகளைக் கொட்டினார்கள். அரிப்பு மேலும் வடக்கே, மீனவக் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. பின்னர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள்; அதன் பயனாக ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனாலும் பாறைகளும் இழுப்பும் உள்ள இந்தக் கரை குளிப்பதற்கானது அல்ல. குளிக்க இறங்கி உயிர்விட்டவர்களில் பெரும்பாலோர் வெளியூர் இளைஞர்கள். மது அருந்திவிட்டு அலையில் இறங்குவதை விடுமுறையின் பகுதியாக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வழியில்லை. நீரில் கால் நனைத்தே ஆகவேண்டும் என்பவர்கள், 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்குப் போகலாம்.

அப்படியானால் கடற்கரைச் சாலைக்கு மதிப்பே இல்லையா? உண்டு, நடப்பதற்கு. ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலையில் மாலை 6 மணிமுதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு நகரம் தன் மிகச் சிறந்த சாலையைத் தினமும் இத்தனை மணி நேரம் நடப்பவர்களிடம் ஒப்படைப்பது தமிழ்ப் பகுதிகளில் மிக அரிது. விடியற்காலையில் அங்கே நடப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். செஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836-இல் ஒளிரத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மடிந்த இந்தியப் படைவீரர்களுக்கு 1930-களில் எழுப்பிய நினைவகம் ஆகிய மூன்றும் ஒரே நடையில் வந்துவிடும். என் மூன்று கேள்விகளிலும் இந்தச் சாலை தேறுகிறது. ஆனால் காலையில் மட்டும். விடுமுறை நாள் மாலைகளில் அது வெறும் கூட்டம்.

கடலோடு இந்த ஊருக்கு உள்ள உறவைப் பார்க்க வேண்டுமானால் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் போகவேண்டும். மயிலம், தீவனூர் எனச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் தீர்த்தவாரிக்காக அங்கே வந்து சேருவார்கள். ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. இந்த நாட்களையொட்டி விடுமுறையை அமைத்துக்கொள்ள முடிந்தால், எந்தப் படகுச் சவாரியும் தராத ஒன்று கிடைக்கும். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை குழந்தைகளோடு வருபவர்களுக்கு இனிமையான அரைநாள். ஆனால் அது முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. வரும் வழியில் முட்டுக்காடு இருக்கிறது. தெற்கே போனால் அதைவிடப் பலமடங்கு சிறந்த பிச்சாவரம் இருக்கிறது.

ஒயிட் டவுன்

இனி, புதுவையின் முகமாக விற்கப்படும் பகுதி. ஒயிட் டவுன் அழகானது. கோடு கிழித்த வீதிகள், சுவருக்கு மேல் வழியும் காகிதப்பூ, வெயிலில் ஒளிரும் மஞ்சள், ஆசிரமக் கட்டடங்களின் சாம்பல் நிறம். இந்த அழகை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இதைப் பற்றி நாம் நம்பும் கதையில் திருத்தங்கள் தேவை.

முதல் திருத்தம் வீதிகளைப் பற்றியது. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே குடியேற்றத்தை நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தார்கள். நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இந்த வீதி அமைப்பின் வரைபடம் அவர்கள் காலத்தது. இரண்டாவது திருத்தம் வயதைப் பற்றியது. 1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் படையிடம் நகரம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் காலத்தில்தான் அது மறுபடி எழத் தொடங்கியது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் காலத்து வீதிகளில் நடக்கிறோம் என்று நினைப்பவர் உண்மையில் நடப்பது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களின் நடுவே. பாரதி பூங்காவின் நடுவிலுள்ள ஆயி மண்டபமும் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவு அது. அதைச் சுற்றிப் படமெடுப்பவர்கள் அந்தத் தண்ணீர்க் கதையையும் கேட்டால் மண்டபம் வேறாகத் தெரியும்.

மூன்றாவதே முக்கியமானது. இந்த வீடுகள் தெருவைப் பார்க்கக் கட்டப்பட்டவை அல்ல. உயர்ந்த மதில், வளைவுள்ள பெரிய வாசல், அதற்குப் பின்னால் முற்றமும் தோட்டமும் தூண் வரிசையும். வீட்டின் அழகு முழுவதும் உள்ளே இருக்கிறது. தெருவுக்குக் கிடைப்பது மதில் மட்டுமே. விடுதியாகவோ உணவகமாகவோ மாறிய வீட்டுக்குள் காப்பி குடிக்கப் போனால் ஒழிய, பயணி பார்த்துத் திரும்புவது மதில்களையும் கதவுகளையும்தான். ஆகவே இங்கே ஒரு காலைப்பொழுது போதும். இரண்டு நாளையும் இதற்கே கொடுப்பது அதிகம்.

பிரெஞ்சுத் தன்மை என்பதே அங்கே இல்லை என்று சொல்லவில்லை. அது சுவர்களைவிட மனிதர்களிடம் கூடுதலாக இருக்கிறது என்கிறேன். 1881-இல் வந்த ஆணையின்படி, தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் சூடிக்கொண்ட தமிழர்கள் உண்டு. சைகோனில் அரசுப் பணியும் படைப்பணியும் செய்து திரும்பிய குடும்பங்களின் அடுக்களையில் வியட்நாம் பண்டங்கள் இன்றும் உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவடைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரான்சின் தேர்தல்களில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். இந்த வரலாற்றின் பெரும்பகுதி தமிழ் வீடுகளுக்குள் நடந்தது. பிரான்சைத் தேடி வருபவரும் மேற்கே போகவேண்டியிருக்கிறது.

வாய்க்காலைத் தாண்டி

அம்பூர் சாலைக்கும் செஞ்சி சாலைக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் ஆட்சியாளர்களையும் ஆளப்பட்டவர்களையும் பிரித்த எல்லை. அதைத் தாண்டினால் வீடுகளின் நடத்தை மாறுகிறது. இங்கே வீடு தெருவுக்கு முதுகு காட்டுவதில்லை. நடைபாதையின் மேல் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, பிறகு செதுக்கிய கதவு, உள்ளே முற்றம். வெயிலில் வருகிற வழிப்போக்கனுக்கு நிழலும் உட்கார இடமும் தருவதிலிருந்துதான் வீடு தொடங்குகிறது. பல வீடுகளில் கீழ்த்தளம் இப்படித் தமிழ் முறையில் இருக்க, மேல்தளத்தில் பிரெஞ்சு வளைவுகளும் இரட்டைத் தூண்களும் நிற்கும். ஆள்பவனின் கட்டடக் கலையைத் தன் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டு, தெருவோடு தனக்குள்ள உறவை விடாமல் வைத்திருந்த ஒரு நகரத்தின் அறிவு அந்த மேல்தளங்களில் தெரிகிறது. இதை வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. வைசியாள் வீதியில் ஒரு வரிசையை அப்படியே சீரமைத்திருக்கிறார்கள். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. புதுவையில் ஒரே ஒரு வீதியில்தான் நடக்க நேரமிருக்கிறது என்பவருக்கு நான் காட்டுவது அதைத்தான்.

கடைத்தெருவின் நெரிசலுக்குள் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 1730-களில் எழுந்து, 1761 இடிபாட்டுக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் ஒன்று. டூப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் வணிக இடைத்தரகருமான) பிள்ளை 1736-இல் தொடங்கி, நகரம் வீழ்ந்த 1761 ஜனவரி வரை நாட்குறிப்பு எழுதினார். சரக்கு விலை, கப்பல் வரவு, அரண்மனைச் சூழ்ச்சி, சாதி வழக்கு, தெருச் சண்டை எல்லாம் அதில் உண்டு. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து முளைத்தவை. டூப்ளே காலத்துப் புதுவையைத் தேடுபவருக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான வாசல் இந்தத் தமிழ் வணிகரின் வீடுதான். அது எப்போதும் திறந்திருக்கும் காட்சியகம் அல்ல. முன்கூட்டி அனுமதி கேட்டுப் போகவேண்டும். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பதற்கும் பொருள் உண்டு, ஆனால் நாவல்களைப் படித்துவிட்டுப் போனால்.

மிஷன் வீதியில் சம்பா கோயில் என்று ஊர் அழைக்கும் பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. அதன் அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-இல், ஆங்கிலேய முற்றுகை நடந்த நாட்களில் இடிக்கப்பட்டது. அந்த நாட்களை அவற்றின் வலியோடு பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. தெற்கே நடந்தால் காஜியார் வீதி, முல்லா வீதி, பழைய பள்ளிவாசல்கள். மத நல்லிணக்கத்தின் ஊர் என்று புதுவையைப் புகழ்வது எளிது. அந்த நல்லிணக்கம் இயல்பாக வந்துவிடவில்லை, இடிபாட்டையும் அவமானத்தையும் கடந்து மக்கள் உண்டாக்கியது என்பதை இந்த ஒரு கி.மீ. நடை கற்றுத்தரும். அதனால்தான் அதற்கு மதிப்பு கூடுகிறது.

இதே மேற்குப் பக்கத்தில்தான் தமிழ்க் கவிதையின் வீடுகளும் இருக்கின்றன. ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி 1908-இல் வந்த பாரதி 1918 வரை இங்கே வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி வீடு நினைவகமாக இருக்கிறது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்த ஊர்க்காற்றில் உருவானவை. 1891-இல் இங்கேயே பிறந்த பாரதிதாசனின் வீடு பெருமாள் கோயில் வீதியில். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் ஒரு சிறு நகரம் வ.வே.சு. ஐயருக்கும் அரவிந்தருக்கும் பாரதிக்கும் ஒரே நேரத்தில் அடைக்கலமானது. ஆட்சி எல்லை ஓர் இலக்கியத்துக்கு உதவிய நிகழ்வு என்று இதைச் சொல்லலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் புதுவைக்கு வந்து இந்த இரண்டு வீடுகளையும் பார்க்காமல் திரும்புவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அரிக்கமேடும் அருங்காட்சியகமும்

நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. சென்னை அருங்காட்சியகத்தில் இங்கிருந்து வந்த மதுச்சாடித் துண்டைக் கண்ட மார்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தார். அடுத்த ஆண்டுகளில் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலிய மெருகுப் பாண்டங்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. உரோமர் வந்து உண்டாக்கிய வணிகத்தலம் என்ற வீலரின் பார்வையைப் பிந்தைய ஆய்வு மாற்றியது. அவர்கள் சரக்கு வருமுன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். மணி செய்யும் தொழில் உள்ளூர்க் கைகளில் இருந்தது. கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்லும் பொதுகே துறைமுகம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

இவ்வளவு பெருமை உள்ள இடத்தில் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவர் உரோமர் காலத்ததும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷன் ஒன்றின் எச்சம். ஆகவே அரிக்கமேட்டுக்கு நேராகப் போவது ஏமாற்றத்தில்தான் முடியும். முதலில் சென் லூயி வீதி அருங்காட்சியகத்துக்குப் போய், மணிகளையும் சாடித் துண்டுகளையும் நின்று பாருங்கள். சோழர் செப்புத் திருமேனிகளும் அங்கே உண்டு. பிறகு ஆற்றங்கரைக்குப் போனால், தரை தானாகவே பேசத் தொடங்கும். இரண்டையும் இந்த வரிசையில் சேர்த்தால் உயர்ந்த மதிப்பெண்; பிரித்தால் அரிக்கமேட்டை விட்டுவிடலாம்.

ஆரோவில்

1968 பிப்ரவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம் இது. நிலத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் அனுமதிச் சீட்டு வாங்கி, நடந்து சென்று, தொலைவிலிருந்து மாத்ரி மந்திரின் பொன்னிறக் கோளத்தைப் பார்த்து, படமெடுத்துத் திரும்புகிறார்கள். அந்தக் கோளம் உள்ளே அமைதியாக உட்காருவதற்காகக் கட்டப்பட்டது. உள்ளே போக முன்பதிவு வேண்டும். வெளியிலிருந்து மட்டும் பார்ப்பதற்கு அரைநாளைக் கொடுப்பது, என் கணக்கில், நட்டம்.

ஆரோவில்லின் பெரிய சாதனை வேறொன்று. அரிப்பால் ஓடைகள் பிளந்து, செம்மண் மழைதோறும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மேட்டு நிலம் அது. வரப்புகள் எழுப்பி, மழைநீரை நிறுத்தி, இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் திரும்ப நட்டார்கள். அந்த வேலையில் சுற்றுக் கிராமங்களின் கைகளும் இருந்தன. மண் கற்களால் கட்டும் முறையை ஆராய்ந்து பரப்பும் நிலையமும் அங்கே இயங்குகிறது. அந்தக் காட்டையும் கட்டடங்களையும் தெரிந்தவர் துணையோடு ஒரு முழு நாள் பார்க்க முடிந்தால் ஆரோவில் போங்கள். முடியாவிட்டால் அடுத்த பயணத்துக்கு விடுங்கள்.

மறுப்புகளும் தீர்ப்பும்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். விடுமுறை என்பது ஓய்வு, பாடம் அல்ல என்பது முதலாவது. நியாயமான பேச்சு. ஆனால் நான் சொல்வது காலையில் மூன்று மணி நேர நடையைத்தான். நண்பகலுக்குமேல் தூங்குவதற்கும் நல்ல ரொட்டியும் மீன் சாப்பாடும் தேடுவதற்கும் நேரம் மிஞ்சும். மேற்குப் பகுதி நெரிசலும் வெயிலும் உள்ளது, குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சிரமம் என்பது இரண்டாவது. இது உண்மை. சித்திரை, வைகாசியில் அங்கே நடக்கச் சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் ஊரை மூழ்கடித்ததை மறக்கக்கூடாது. மார்கழியும் தையும் மாசியும்தான் நடைக்கு ஏற்றவை.

இன்னொன்றையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். நாம் எங்கே நடக்கிறோமோ அங்கேதான் கட்டடங்கள் காக்கப்படும். ஒயிட் டவுனின் பழைய வீடுகள் விடுதிகளாகவாவது பிழைத்துவிட்டன. மேற்கே திண்ணை வீடுகள் பயணிகளின் கண்ணில் படாமலே இடிபட்டு அடுக்குக் கட்டடங்களாகின்றன. கடற்கரைச் சாலையிலேயே பழைய நகர்மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே இப்படி என்றால், யாரும் பார்க்காத வீதிகளின் நிலை என்ன? பயணி தன் கால்களால் போடும் வாக்குக்கு இங்கே விளைவு உண்டு.

என் தீர்ப்பு இதுதான். முதலிடம் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள நடைக்கு: வைசியாள் வீதி, பிள்ளையின் மாளிகை, சம்பா கோயில், பழைய பள்ளிவாசல்கள், இரு கவிஞர்களின் வீடுகள். இரண்டாவது அருங்காட்சியகமும் அரிக்கமேடும், அந்த வரிசையில். மூன்றாவது விடியற்காலைக் கடற்கரைச் சாலை. நான்காவது ஒயிட் டவுன், ஒரு காலைப்பொழுது. ஆரோவில்லுக்குத் தனி நாள் கொடுக்க முடிந்தால் அது இரண்டாம் இடத்துக்கே ஏறிவிடும், இல்லையேல் வேண்டாம். கடல் குளியலும் படகும் புதுவைக்கு வரக் காரணமாக முடியாது. இரண்டு நாள் விடுமுறையை இந்த வரிசையில் செலவிட்டால், பிரான்சின் சாயல் கொண்ட ஒரு கடற்கரை ஊரைப் பார்த்த திருப்தி மட்டும் அல்லாமல், கடல் கொண்டுவந்த எல்லாரையும் எதிர்கொண்டு தன்னை இழக்காமல் நின்ற ஒரு தமிழ்த் துறைமுக நகரத்தை அறிந்த நிறைவும் கிடைக்கும். அந்த நகரத்துக்காகப் போகலாம், கட்டாயம் போகவேண்டும்.